வண்டியே பாடும் வரி

மாலை நான்கே முக்கால். மெக்சிகோ நகரம். சபகானோ நிலையத்தை விட்டு மெட்ரோ சுரங்கத்துக்குள் நுழைகிறது. முதுகுப்பையில் ஒலிபெருக்கியைச் சுமந்து வரும் வியாபாரி திருட்டு சிடி ஒன்றை உயர்த்திப் பிடிக்கிறான். “பத்தே பெசோ! நாடே வாங்கின ஆல்பம், நீங்க வாங்கலேன்னா நல்லாவா இருக்கும்?” ஒலிபெருக்கியில் கிதார் அதிர்கிறது, ஓர் ஆண் குரல் பாடத் தொடங்குகிறது. ஓத்திலியா பெட்டியின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறாள். அந்தப் பாட்டுக் குரலுக்குச் சொந்தக்காரன், அவளுடைய தம்பி எஃப்ரேன், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். பெட்டியில் யாரும் அவனை அடையாளம் காணவில்லை. பல்லவி வருகிறது. சீருடை அணிந்த மாணவிகள் மூவர் கண்களை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். மடியில் ரொட்டிப் பை வைத்திருக்கும் பெரியவரும் உதடு அசைக்கிறார். ‘கதவைத் தட்டாதே, நான் இன்னும் அழுது முடிக்கலை.’ கணவன் ஓத்திலியாவை விட்டுப் போன அன்று, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அவள் எஃப்ரேனிடம் சொன்னது அது. ஒரு சொல்கூட மாறவில்லை. “அந்த இடம் வந்ததும் எப்படிக் கத்துறாங்க பாருக்கா,” என்கிறான் அவன், காதோரம் குனிந்து. “அஞ்சு லட்சம் வித்தாச்சு. இந்தத் திருட்டு சிடியெல்லாம் சேர்க்காம!” விளக்குகள் ஒரு முறை அணைந்து எரிகின்றன. மாணவிகளில் ஒருத்தி ‘அழுது’ என்பதை வேண்டுமென்றே நீட்டிப் பாட, மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஓத்திலியா தம்பியின் பக்கம் திரும்பவில்லை. இருண்ட ஜன்னல் கண்ணாடியில் தெரியும் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

“அன்னிக்குக் கதவுக்கு வெளியே அவ்வளவு நேரம் நின்னியே, கையில நோட்டும் பேனாவும் வச்சிருந்தியா?”