மணி அடிக்கக் கூடாது

நாய் மட்டும் தனியாக வீடு திரும்பியது. நான்கு கால்களிலும் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் திர்சா கையிலிருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

அவள் கணவர் ஜெத்ரோ மத்தியானம் அந்த நாயோடுதான் மலைக்குப் போனார். எழுபது வயது, காது சுத்தமாகக் கேட்காது. மூன்று மணிக்கு இறங்கிய மூடுபனியில் நீட்டிய கையே தெரியவில்லை.

பனியில் வழி தவறியவர்களுக்கு அந்த ஊரில் மூன்று துணைகள் இருந்தன. மலைச்சரிவில் புல்லைச் சீவி, அடியிலிருக்கும் சுண்ணாம்பு தெரிய வெட்டிவைத்த பிரம்மாண்டமான வெள்ளைக் குதிரை உருவம், முச்சந்தியில் வழிகாட்டிப் பலகை, கோயில் மணி. போர் வந்து மூன்றையும் விழுங்கிவிட்டது. ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று குதிரையைத் தழை போட்டு மூடினார்கள், பலகையைப் பிடுங்கினார்கள். எதிரி வந்து இறங்கினால் தவிர மணியைத் தொடக் கூடாது, தொட்டால் ஜெயில்.

திர்சா மலையுச்சியில் இருக்கும் ஆதிகாலத்துப் புதைமேடு வரை தட்டுத்தடுமாறி ஏறினாள். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். புதைமேட்டை ஒட்டிச் சுண்ணாம்பு வெட்டிய குழி, நாற்பதடி ஆழம். போன மாரியில் இரண்டு ஆடுகள் அதில் விழுந்து செத்தன. விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தாள். கீழேயும் பனிதான்.

இறங்கி, நாயோடு நேராகப் பாதிரியார் கோல்மன் வீட்டுக்கு வந்தாள். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க கால்ல விழறேன். அஞ்சு நிமிஷம் மணி அடிங்க."

"என்னம்மா பேசுற? மணிச் சத்தம் கேட்டா ஜெர்மன்காரன் வந்துட்டான்னு ஊரே துப்பாக்கியத் தூக்கும். என்னை உள்ள தள்ளிடுவாங்க."

"விளக்கையாவது கொடுத்து நாலு ஆளுங்கள மலைக்கு அனுப்புங்க."

"ஜன்னல்ல மெழுகுவத்தி வெளிச்சம் தெரிஞ்சாலே அபராதம். மலைமேல விளக்கா? அதுவுமில்லாம அவருக்குத்தான் காது கேக்காதே. மணி அடிச்சு என்ன ஆகப்போவுது?"

"நாப்பது வருஷம் அந்தக் கயித்த இழுத்துத்தானய்யா காதே போச்சு. ஆனா மணி அடிச்சா நெஞ்சுக்குள்ள அதிரும்னு சொல்வாரு. அது போதும், அதைப் புடிச்சுக்கிட்டே வந்து சேந்துடுவாரு."

பாதிரியார் சட்டைப்பையிலிருந்து கனத்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒழுங்கு என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்தான்.

"விளையாட்டுக்குக்கூட எவனும் அந்தக் கயித்தத் தொடக் கூடாதுன்னு தினமும் நாலு மணிக்கே கோயிலப் பூட்டிடறேன். இன்னைக்கும் வாசல்ல நின்னு, 'உள்ள யாராச்சும் இருக்கீங்களா'ன்னு ரெண்டு தடவ சத்தமாக் கேட்டுட்டுத்தான் பூட்டுனேன். இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யிற என்னைப் போய்ச் சட்டத்த மீறச் சொல்றியே. வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணும்மா."

திர்சா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனிப் போய்க் கெஞ்ச வேறு ஆளில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, குழி அங்கேயே வாய் பிளந்துகொண்டு கிடந்தது. நாற்பத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவரைப் பனியிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைக்கவா முடியும்? நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது மணி அடித்தது.

பாதிரியார் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. சாவி மேசைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"பூட்டின கோயிலுக்குள்ள எவன் இருக்கான்? கூரை வழியா இறங்கிட்டானுங்க போல."

கால் மணி நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. கசாப்புக்கடைக்காரர் வெட்டுக்கத்தியோடு வந்தார், பால்காரி வைக்கோல் வாரும் முள்கழியோடு வந்தாள். ஊர்க்காவல் படைத்தலைவர் பெர்சி, கோயில் கதவுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டியபடி மண்டியிட்டார்.

திர்சாவுக்கு ஜெர்மன்காரனைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நிறுத்தாதப்பா, இன்னும் நல்லா அடி. அவரு வந்துக்கிட்டிருப்பாரு" என்று முணுமுணுத்தாள்.

நாய் அவள் பிடியிலிருந்து நழுவிக் கோயில் கதவருகே ஓடியது. குரைக்கவில்லை. வாலைத்தான் ஆட்டியது.

"பூட்டத் திறங்க ஐயா, நான் பாத்துக்கறேன்" என்றார் பெர்சி. பாதிரியார் கண்களை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது, மணி நின்றது.

உள்ளே கயிற்றைப் பிடித்தபடி ஜெத்ரோ நின்றார். விரல் முட்டிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. துப்பாக்கியை, வெட்டுக்கத்தியை, முள்கழியை, ஓடிவரும் மனைவியை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தினார்:

"பனிக்கு ஒதுங்குனவன் எவ்வளவு நேரமாக் கதவத் தட்டுறேன், ஊர்ல எல்லாருக்கும் காது செவிடாப் போச்சா?"