சதுரக் கண்ணாடி

“லென்ஸ்ல திருகி மாட்டுற ஃபில்டர் போதும் மக்கா,” என்றார் நாகர்கோவில் கேமரா கடைக்காரர் மைதீன் கனி.

“கழற்றி மாட்டுறதுக்குள்ள வெளிச்சம் போயிரும் அண்ணே. சதுரக் கண்ணாடின்னா சட்டுன்னு சொருகலாம். அது வெளிச்சத்தைக் குறைச்சிரும்; ஷட்டரை ரொம்ப நேரம் திறந்தே வச்சா அலையெல்லாம் மறைஞ்சு கடலே பாலா மாறிரும்,” என்றான் கடற்கரை ஊர்க்காரன் டிஜோ.

சதுரத்தையே வாங்கினான்.

அவன் எடுத்து வந்த படத்தைப் பார்த்துப் பங்குத்தந்தை அசந்துபோனார். “ஏலே, இது நம்ம கடலா?”

ஊரே கையெழுத்துப் போட்ட மனுவோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதிகாரி மனுவைப் படித்தார். படத்தைப் பார்த்தார்.

“கடல் குளம் மாதிரி கிடக்கே! உங்களுக்கு எதுக்கய்யா அலைத்தடுப்புச் சுவர்?”

டிஜோ தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கடல்தான் போன வாரம் அவன் வீட்டு அடுக்களையை இழுத்துக்கொண்டு போயிருந்தது.