வலது கன்னத்தின் பக்கம்

ஜன்னலுக்கு முதுகு காட்டி, சுழல் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டவ் வெடித்து இரண்டு வருஷமாகிறது. இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் கயிறு கயிறாகத் தடித்துக் கிடக்கிறது. தழும்பைச் சோதிக்கும் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டை அதன்மேல் அழுத்துகிறார். அடியில் சிவப்பு வெளுக்கிறது. கையை எடுத்ததும் மெல்லத் திரும்பி வருகிறது. "பரவாயில்லையேம்மா! போன தடவை செருப்புத் தோல் மாதிரில்ல இருந்துச்சு?" என்று கிள்ளிப் பார்க்கிறார். அவள் வாயின் ஒரு பாதி மட்டும் சிரிக்கிறது. வலப்பக்க நாற்காலியில் அவளுடைய ஐந்து வயது மகள் தலை நிமிராமல் ஒரு மாட்டுப் படத்துக்குக் கலர் பென்சிலால் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். "வெளிச்சத்துக்குத் திரும்புங்க, தடிப்பு எவ்வளவுன்னு பாத்துடலாம்." ஸ்டூல் கிறீச்சிட்டுச் சுழல்கிறது. வெயில் முகத்தில் விழுகிறது. வெந்த கன்னம் இப்போது மகளைப் பார்த்து இருக்கிறது. "இதனால வீட்டுல ஏதாவது சங்கடம் இருக்காம்மா? பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?" "சைபர்னே போட்டுக்குங்க சார். வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல." டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் நிற்கிறது. மகள் பென்சில்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுகிறாள்; ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு, அம்மாவின் வலது கன்னம் இருக்கும் பக்கத்துக்கு நடக்கிறாள். அங்கேயும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதன்மேல் இருந்த கைப்பையை, ஸ்டூல் சுழலும்போதே அம்மா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாயிற்று.