நாயைக் குளிப்பாட்டச் சம்மதமா?

"விதிமுறையை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க சார். 'என் வீட்டைக் கடைக்கு எழுதித் தர்றேன்'னு போட்டாலும் கண்ணை மூடிட்டு 'சம்மதம்' அமுக்குவாங்க. ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது!"

மெத்தைக் கடையின் மெயில்காரர் இப்படி அடித்துச் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார்.

கடையில் விலாசம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் வாராவாரம் 'முதுகு வலிக்கிறதா?' என்று மெயில் அனுப்புவதுதான் மெயில்காரரின் வேலை. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. விதிமுறைகளைக் காட்டி, மெயில் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிக்காதவர்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட வேண்டும்.

"லிஸ்ட்டுல ஆளே இல்லைன்னா, அப்புறம் மெயில்காரர் எதுக்கு?" என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டால் எதிரில் நிற்பவரின் வேலைக்கு ஆபத்து என்று அர்த்தம்.

மெயில்காரர் அன்றைக்கே விதிமுறைகளை எழுதி முடித்தார். எழுதினார் என்றால், இணையத்தில் எங்கேயோ கிடைத்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து, பெயர் வரும் இடத்தில் மட்டும் கடைப் பெயரை ஒட்டினார். அது யாருடையது, எதற்கானது என்றெல்லாம் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? பக்கம் பக்கமாக வந்தது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

கடைசியில் சொந்தச் சரக்காக ஒரே ஒரு வரி சேர்த்தார்.

'சம்மதிப்பவர் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, முதலாளியின் நாயைக் குளிப்பாட்டித் தர வேண்டும்.'

குறும்புதான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. கடையே 'சின்ன முதலாளி' என்று அழைக்கும் அந்த நாயைச் சனிக்கிழமைதோறும் குளிப்பாட்டுவது அவர்தான். ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். "சேரும்போது 'இதர பணிகள்'னு போட்டிருந்ததே, கையெழுத்து போட்டீங்களே, படிக்கலையா?" என்று முதலாளி வாயை அடைத்துவிட்டார்.

"சார், அனுப்புறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க."

முதலாளி போனில் விரலால் ஒரு தள்ளு தள்ளினார். பக்கங்கள் பறந்தன.

"பார்த்துட்டேன். பிரமாதம். அனுப்புங்க."

சாயங்காலத்துக்குள் சம்மதம், சம்மதம் என்று வந்து குவிந்தது. நாயைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. வேலை தப்பித்த சந்தோஷத்தில் மெயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை. கடை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் வாளி, வாளிக்குள் சோப்பு, தோளில் ரெண்டு துண்டு.

"நாய் எங்க தம்பி?"

"எந்த நாய்?"

"குளிப்பாட்ட வேண்டிய நாய். சம்மதிச்சிருக்கேனே!"

மெயில்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். உள்ளே முதலாளி இருக்கிறார். இந்த வரி அவர் காதில் விழுந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

"அது சும்மா விளையாட்டுக்கும்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"அதெப்படி? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அம்மா விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விட்டார். வாளியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் பதுங்கும் சின்ன முதலாளி, "வாடா செல்லம்" என்ற ஒரே கூப்பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மெயில்காரரை அது ஒருநாளும் அப்படி மதித்ததில்லை.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "யாருங்க இவங்க?"

மெயில்காரர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

முதலாளியோ விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க சொன்னது சரிதான்யா. படிக்காம அமுக்கினா இதுதான் கதி! பாவம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. கூடவே மெயில்காரருக்குத் தைரியமும் வந்துவிட்டது. அம்மாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எதுக்குச் சம்மதிக்கிறதுனாலும் முன்னாடியே படிச்சுப் பார்க்கணும். இல்லைன்னா ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் உங்களை இப்படித்தான் ஏமாத்துவாங்க."

"நல்லாச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

அம்மா நாயின் காதைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "படிச்சுட்டுத்தான் தம்பி சம்மதிச்சேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். புரியாத இடத்தை ரெண்டு தடவை."

"படிச்சுமா நாய் குளிப்பாட்ட வந்தீங்க?"

"ஆமா. கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன், எனக்கு லாபமாத்தான் பட்டது."

ஈரத்துண்டை வாளியில் போட்டார். காய்ந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

"நான் ரெடிங்க. கிளம்பலாமா?"

"எங்க?"

"பதினோராவது விதி. 'சம்மதிக்கும் ஒவ்வொருவருக்கும் நிறுவன உரிமையாளரே தண்ணீரில் இறங்கி இலவசமாக நீச்சல் கற்றுத் தருவார்.' எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆசைங்க."

தான் அள்ளிக்கொண்டு வந்தது ஏதோ ஒரு நீச்சல் பள்ளியின் விதிமுறை என்று மெயில்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி மெயில்காரரைப் பார்த்தார். மெயில்காரர் நாயைப் பார்த்தார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன இப்படி முழிக்கிறீங்க? நீங்க ரெண்டு பேருமே படிக்கலையா?"