பதினேழாம் நம்பர் கதவு

"திறந்துடுச்சுண்ணா, வெளிய வாங்க" என்றாள் கலைவாணி போனில்.

பூபாலன் கைப்பிடியை இழுத்தான். கதவு அசையவில்லை. "இன்னாம்மா, வெளையாடுறியா? இங்க பூட்டுனது பூட்டுனபடியே கீது."

"ஸ்கிரீன்ல பச்சை காட்டுதேண்ணா. பதினேழாம் நம்பர் கதவு, திறந்திருக்குன்னு."

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அலுவலகத்தின் நான்காம் மாடிக் கோப்பு அறையில் ஏசியைப் பழுதுபார்க்க வந்திருந்தான் பூபாலன். அங்கே கதவுகளுக்கு மின்பூட்டு மாட்டியதும் அவன்தான். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் எல்லா அறைகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு கீழே கலைவாணி இருக்கும் கன்ட்ரோல் ரூமில் இருந்துதான் திறக்க முடியும். அது தெரிந்தும் வேலை மும்முரத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை.

சன்னல் இல்லாத அறை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூச்சு கனத்தது. இரும்புக் கதவை உதைத்துப் பார்த்தான், கால்தான் வலித்தது.

"யாரையாச்சும் மேல அனுப்பும்மா. காத்தே இல்ல."

"கார்டு தேய்ச்சு உள்ள வந்தவங்க எல்லாரும் கிளம்பிட்டதா ஸ்கிரீன் காட்டுதுண்ணா. நான் மட்டும்தான். இருங்க, இன்னொரு வாட்டி அழுத்தறேன்."

அழுத்தினாள். அங்கே மறுபடி பச்சை. இங்கே மறுபடி பூட்டு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒவ்வொரு கதவுக்கும் பூட்டை இயக்க ஒரு பெட்டி, ஒரு நம்பர். கீழிருந்து 'பதினேழு யாரு?' என்று எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குரல் போகும். அந்த நம்பர்காரன் 'நான்தான்' என்பான். உத்தரவு அவனுக்குப் போகும்.

"தப்பு என்னுதும்மா. மூணாவது மாடி ஸ்டோர் ரூமுக்குப் பெட்டி மாட்டும்போது இந்தப் பெட்டியோட செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணேன். நம்பரை மாத்த மறந்துட்டேன். நீ இதைக் கூப்புடறே, அது முந்திக்கினு 'நான்தான்'னு சொல்லுது."

"ஐயோ, இவ்ளோ நேரமா நான் ஸ்டோர் ரூமையா திறந்துகிட்டு இருந்தேன்?"

"ஆமா. ஓடிப்போய் ஸ்டோர் ரூமுக்குள்ள கீற அந்தப் பெட்டிக்குக் கரன்ட்டை நிறுத்து. அது வாயை மூடினாத்தான் இது பேசும். அப்புறம் கீழ வந்து அழுத்து."

போய்விட்டு வரச் சில நிமிடம் போதும். ஆனால் கலைவாணியிடமிருந்து பதிலே இல்லை. அவன் அழைத்தான், அழைத்தான், மணி அடித்து ஓய்ந்தது. தரையில் சரிந்து உட்கார்ந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டான். தன்னை மறந்துவிட்டாளோ என்று பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது.

ஒருவழியாக 'டக்' என்று பூட்டு விட்டது. படிகளில் தடதடவென்று இறங்கிக் கன்ட்ரோல் ரூமுக்குள் பாய்ந்தான்.

"ஏம்மா, செத்தப்புறம் திறக்கலாம்னு இருந்தியா?"

கலைவாணி திரும்பவில்லை. நாற்காலியில் சரிந்திருந்த துப்புரவுப் பணியாளர் வேம்புலியம்மாளின் வாயில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். நரைத்த முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"ஸ்டோர் ரூம்ல மயங்கிக் கிடந்தாங்கண்ணா, கதவு திறந்ததுகூடத் தெரியாம. தண்ணி தெளிச்சு, தாங்கிப் பிடிச்சுக் கீழ கூட்டிட்டு வந்தேன். துடைக்கும்போது பூட்டிக்கிச்சாம். போன் கீழ பையில இருந்திருக்கு. இவங்களுக்குத்தான் கார்டே குடுக்கலையே, உள்ள இருக்காங்கன்னு ஸ்கிரீன்ல எப்படித் தெரியும்?"

பூபாலன் நாற்காலி அருகே குனிந்தான். அந்தம்மாள் மெல்லக் கண் திறந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நீ மாட்டிக்கலேன்னா, என்னை யாரு நைனா தேடியிருப்பா?"