பள்ளத்தில் ஒருவர்

கல்குவாரியில் வெடி வைப்பது என் வேலை. விபத்தைத் தடுக்கப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. பள்ளத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதன் திரை காட்டும். பூஜ்யம் ஆகும்வரை வெடிக்க விடாது.

அன்று நாங்கள் ஏழு பேரும் மேலே ஏறி வந்த பிறகும் திரையில் ஒன்று என்றே இருந்தது. மூன்று பேர் இறங்கித் தேடினார்கள். திரை நான்கு காட்டியது. யாரும் இல்லை என்று அவர்கள் திரும்பி வந்ததும் மறுபடி ஒன்று.

“புது மெஷின் உசுர வாங்குது. பழைய பெட்டியிலயே வெடிச்சிடலாம்ணே, அது கேள்வி கேக்காது,” என்றார் மேஸ்திரி.

எனக்கும் பசி. பழைய பெட்டியின் விசையை அழுத்தினேன். புழுதி அடங்கியபோது திரை பூஜ்யத்தில் நின்றது.

“பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு,” என்றார் மேஸ்திரி.

ஏழு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு சாப்பாட்டுப் பை மிச்சம் இருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தேன். அடியில் இன்னும் சூடு இருந்தது. வாயில் இரட்டை முடிச்சு, என் பையில் என் மனைவி போடுகிற அதே முடிச்சு.

அப்போது அவளிடமிருந்து போன் வந்தது.

“ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?” என்றாள்.