கோட்டயம் போன செக்கு

"ஏன்யா, செக்கு வந்துருச்சா இல்லையா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

சுருளியாண்டி ஓங்கி அடித்ததில் கவுண்டரே ஆடியது. கம்பம் பஜாரில் இருந்த அந்த பேங்கில் காத்திருந்தவர்கள் எல்லாம், பிடித்த இடத்தை விட்டுவிடாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற மருமகன் கர்ணன், நம்ம மாமனாருக்கு இவ்வளவு ரோஷமா என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

கவுண்டருக்குள் இருந்த கிளார்க் ராஜமணி எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இன்னும் வரலை" என்றார். பேங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, பார்த்துச் சொன்னால் மட்டும் சம்பளம் கூடிவிடவா போகிறது?

அந்தச் செக்கு ஒன்றும் சீமையில் மாற்ற வேண்டியதல்ல. காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துத் திராட்சையை மொத்தமாக எடுத்துக்கொண்டு, கோட்டயத்து முதலாளி கொடுத்தது. காலையில் லாரி ஏறிய பழம் மறுநாள் கோட்டயத்துச் சந்தையில் விற்றுத் தீர்ந்துவிட்டது. அழுகுகிற பழம் போய்ச் சேர்ந்துவிட்டது. பணமாக்குவதற்காகக் கோட்டயத்து பேங்குக்கு அனுப்பிய அழுகாத காகிதம்தான் குமுளி மலையில் எந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறதோ, தெரியவில்லை.

வரிசையில் நின்ற சங்கிலியம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இதுக்கே இப்புடிக் கத்துறாக. பட்டாளத்துல இருந்து எம் மகன் தலைப்பிரசவத்துக்கு அனுப்புன பணம் இங்கன வந்து சேர்றதுக்குள்ள, எம் மருமக ரெண்டாவதே பெத்துட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். கர்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அவசரம்.

கர்ணனைத் தொழில் தெரியாதவன் என்று யாரும் குறை சொல்ல முடியாது. பெண்டாட்டி இருளம்மாள் கழுத்தில் கிடந்ததை விற்றுக் கோழிப்பண்ணை வைத்தான். கோழிகள் கழிச்சல் நோயில் போயின. காதில் கிடந்ததை விற்று லாட்டரிக் கடை வைத்தான். விற்காத சீட்டையெல்லாம் தானே வாங்கிக்கொண்டான். இப்போது டூரிங் டாக்கீஸில் பங்கு சேரப் போகிறான்.

தாலிக்கயிறு தவிர இருளம்மாளிடம் இனி விற்க ஒன்றும் இல்லை. இந்த வருஷத்துப் பழக்காசு முழுக்க மகளுக்குத்தான் என்று சுருளியாண்டி ஊரறியச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன சொல் தவறாதவர். மகளுக்கு என்றால் மருமகனுக்குத்தானே!

"நாளைக்கு நாளைக்குன்னே சொல்றீகளே, ஒரு தந்தி அடிச்சுக் கேக்கக் கூடாதா?" என்றான் கர்ணன்.

"அடிச்சாச்சு. பதில் வரலை."

"அப்ப போன்ல கேளுங்க."

"கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். லைன் கெடைக்கலை." ராஜமணி மிச்ச டீயையும் குடித்து முடித்தார்.

"பாத்தீகளா மாப்ள!" என்று சுருளியாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "ரொக்கமாக் குடுய்யா, ரொக்கமாக் குடுய்யான்னு அந்த மொதலாளிகிட்டத் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா பாவி? பேங்க்ல போட்டா பத்திரம்னான். நல்லாத்தேன் பத்திரமா இருக்கு!"

கர்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். "விடுங்க மாமா. நானே கோட்டயம் போறேன். மொதலாளியைப் பாத்து, செக்கெல்லாம் வேணாம், கையில குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்துர்றேன்."

சுருளியாண்டி சட்டென்று திரும்பி ராஜமணியைப் பார்த்தார். ராஜமணி அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தாராளமாப் போங்க தம்பி. ஆனா அவரு செக்கை நிறுத்தச் சொல்லி அங்கன உள்ள பேங்க்ல எழுதிக் குடுக்கணும். அவங்க அதைத் திருப்பி எங்களுக்கு அனுப்பணும். நாங்க வந்துருச்சுன்னு அவங்களுக்கு எழுதணும். அதுக்கப்புறம் அவருக்கு மனசிருந்தா ரொக்கம் குடுப்பாரு. இல்லேன்னா புதுச் செக்கு. அதை இங்கன போட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து..."

"மொதல்ல இருந்தா?"

கவுண்டர் முன்னால் நிற்கிற எந்த மனிதனும் தாங்க முடியாத வார்த்தை அது. கர்ணனும் மனிதன்தானே! மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டான்.

"நீங்களும் ஒங்க பேங்கும் வெளங்குனாப்புலதான்" என்று வாழ்த்திவிட்டு, டாக்கீஸ்காரனிடம் இன்னொரு தவணை கேட்கப் புறப்பட்டான். அதில் அவனுக்குச் சிரமம் இருக்காது. பேங்கில் தாமதம் என்று சொன்னால், இந்த உலகத்தில் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அவன் வாசலைத் தாண்டி, சைக்கிள் எடுத்து, பஜார் கூட்டத்தில் மறைகிறவரை சுருளியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டே நின்றார். மறைந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கோவிச்சுக்கிராதீக சார்" என்றார் மெதுவாக.

ராஜமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசமே வந்து, ஒங்க மக பேர்ல டெபாசிட்டும் போட்டாச்சே பெரியவரே, அந்தச் செக்குக்கு நான் இன்னும் எத்தனை நாளைக்குத் திட்டு வாங்கணும்?"